ஹோஸ்ட்ஸ் கோப்பு தானாக மாறியிருக்கிறதா? அழிப்பதற்கு முன் படித்துப் பாருங்கள்

கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்தபடியே கேட்டரிங் தொழில் செய்து வருகிறார். விலைப்பட்டியல், பில், சப்ளையருக்குப் பணம் அனுப்புவது எல்லாமே ஒரு பழைய மடிக்கணினியில்தான் நடக்கும். சில மாதங்களுக்கு முன் அவர் என்னை அழைத்தார். "தம்பி, யூடியூப் ஓடுது, பேஸ்புக் ஓடுது, ஆன்டிவைரஸ் மட்டும் அப்டேட் ஆகவே மாட்டேங்குது. அதோட வெப்சைட்டும் திறக்கல. கடைக்காரர் ஃபார்மட் பண்ணணும்னு சொல்றார், பண்ணிடவா?"

இணையம் மெதுவாக இருந்தால் எல்லாத் தளங்களும் மெதுவாகும். தொடர்பு அறுந்தால் எதுவுமே திறக்காது. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் பொறுக்கி எடுத்ததுபோல் திறக்கவில்லை என்றால், கணினிக்குள் யாரோ ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் என்ற சிறிய கோப்பில்தான் இருக்கும். அக்காவின் கணினியில் அந்தக் கோப்பில் 47 வரிகள் கூடுதலாக இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அக்கா எழுதவில்லை. அப்படி ஒரு கோப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது.

தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இணையவழி வங்கிச் சேவை பயன்படுத்தும் எவருக்கும் இந்தக் கோப்பு முக்கியமானது. வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்த பிறகும் வேறொரு கணினிக்கு உங்களைக் கொண்டுபோய் விடும் ஆற்றல் இதற்கு உண்டு.

இது என்ன கோப்பு?

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. நாம் பெயரைத் தட்டுகிறோம். அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ் என்ற அமைப்பு. டிஎன்எஸ் வருவதற்கு முன் இந்த வேலையை ஒரே ஒரு கோப்பு செய்து வந்தது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ஸ்டான்ஃபர்ட் ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழு, எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் அடங்கிய ஒரு பட்டியலைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்துத் தங்கள் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினிகளின் எண்ணிக்கை கூடியபோது இது தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார்.

பழைய கோப்பு மட்டும் போகவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இன்றும் இருக்கிறது. இருப்பதோடு சரி என்றால் கவலையில்லை. பொதுவாக, வெளியில் இருக்கும் டிஎன்எஸ் சர்வரைக் கேட்பதற்கு முன் கணினி முதலில் இதைத்தான் பார்க்கும். இதில் பதில் கிடைத்துவிட்டால் வெளியே கேட்கவே கேட்காது. பள்ளிக்கூட நுழைவாயிலில் காவலாளி கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பதுபோல. பட்டியலில் பெயர் இருந்தால் அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து உறுதிப்படுத்துவதில்லை.

எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது?

விண்டோஸ் கணினியில் சி டிரைவுக்குள் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்ற கோப்புறை. அங்கே ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில், பெயருக்குப் பின் புள்ளியோ டிஎக்ஸ்டி போன்ற வால் பகுதியோ இல்லாமல் இருக்கும். இருமுறை சொடுக்கினால் எந்தச் செயலியில் திறப்பது என்று கேட்கும்; நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடுக்குள் இருந்து திறப்பதாக இருந்தால், கோப்பு வகையை 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றினால்தான் அது கண்ணில் படும். மேக், லினக்ஸ் கணினிகளிலும் இடிசி கோப்புறையில்தான் இருக்கிறது.

பார்ப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. மாற்றுவதற்குத்தான் நிர்வாகி அனுமதி வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் கோப்பு மாறியிருந்தால், நிர்வாகி அனுமதி பெற்ற ஏதோ ஒன்று அதைச் செய்திருக்கிறது. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு மென்பொருளை நிறுவும்போது, திரையில் வந்த கேள்விக்கு நீங்களோ வீட்டில் வேறு யாரோ 'ஆம்' என்று சொடுக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலான சம்பவங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

புதிய விண்டோஸ் கணினியில் இந்தக் கோப்பு ஏறக்குறைய இருபது வரிகளோடு இருக்கும். ஒவ்வொரு வரியும் # குறியில் தொடங்கும். அந்தக் குறியில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு. கணினி அதைக் கண்டுகொள்ளாது. பலர் பயந்துபோகும் ஓர் இடம் இங்கே உண்டு. 102.54.94.97 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் 'ரைனோ' என்று தொடங்கும் ஒரு பெயரும், 38.25.63.10 என்ற எண்ணும் தெரியும். யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. அவற்றின் முன்னாலும் # குறி இருக்கிறது. அதே கோப்புறையில் ஹோஸ்ட்ஸ் என்ற பெயருக்குப் பின் ஐசிஎஸ் என்ற வாலோடு இன்னொரு கோப்பு இருந்தாலும் பதற வேண்டாம். கணினியின் இணையத்தை மற்ற கருவிகளோடு பகிரும்போது விண்டோஸ் அதை உருவாக்கிக்கொள்கிறது.

இடது பக்க எண்ணைப் பாருங்கள்

# குறி இல்லாத வரிகள்தான் உண்மையில் வேலை செய்யும் வரிகள். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் ஓர் எண், வலது பக்கம் ஒரு பெயர் இருக்கும். வலப்பக்கத்தில் உள்ள பெயரைத் தேடினால் இடப்பக்கத்தில் உள்ள எண்ணுக்குப் போ என்பதே அதன் கட்டளை. நோக்கத்தைக் காட்டிக்கொடுப்பது இடது பக்க எண்தான்.

இடது பக்கம் 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று இருந்தால் அது தடுப்பு. 127.0.0.1 என்பது உங்கள் கணினி தன்னையே குறித்துக்கொள்ளும் எண்; 0.0.0.0 எங்கும் போகாத எண். அந்தப் பெயருள்ள தளம் திறக்காது, அவ்வளவுதான். இதை எழுதியது விளம்பரத் தடுப்பானாகவும் இருக்கலாம், தீநிரலாகவும் இருக்கலாம். எந்தத் தளத்தைத் தடுத்திருக்கிறது என்பதைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் அது வீட்டுக்குள் அல்லது அலுவலகத்துக்குள் இருக்கும் கருவி. அலுவலகக் கணினியில் இத்தகைய வரிகள் இருப்பது வழக்கம்தான். நிறுவனக் கணினியாக இருந்தால் தயவுசெய்து நீங்களாகத் தொட வேண்டாம். அங்குள்ள கணினிப் பிரிவிடம் கேளுங்கள். நல்லெண்ணத்தில் ஒரு வரியை அழித்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் சம்பளக் கணக்கு முறை திறக்கவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இவை எதிலும் சேராத வேறோர் எண் இடது பக்கம் இருந்து, வலது பக்கம் வங்கி, மின்னஞ்சல், தேடுபொறி, அரசாங்கச் சேவை போன்ற பொதுவான தளம் ஒன்றின் பெயர் இருந்தால், அதுதான் ஆபத்தான வகை. வீட்டுக் கணினி ஒன்றில் வங்கியின் பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. அப்படி ஒரு வரியைக் கண்டால் அந்தக் கணினியில் வங்கி வேலையை அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

நல்லவர்களும் எழுதுவதுண்டு

எல்லா மாற்றத்துக்கும் பின்னால் திருடன் இருப்பதில்லை. ஸ்பைபாட் என்ற பழைய பாதுகாப்பு மென்பொருளைப் பயன்படுத்தியவர்களின் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். தீய தளங்களின் பெயர்களை 127.0.0.1 எண்ணோடு சேர்த்து எழுதிவைப்பது அதன் பாதுகாப்பு முறைகளில் ஒன்று. தொடக்கத்திலும் முடிவிலும் தன் பெயரை # குறியோடு எழுதிவிட்டுத்தான் போகும். நிரலாளர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் மென்பொருளும் சில வரிகளைச் சேர்த்து, அவற்றைச் சேர்த்தது தான்தான் என்று குறிப்பும் எழுதும். பிள்ளைகள் கல்லூரியில் கணினித் துறை படித்தால், வீட்டுக் கணினியில் இவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். சில விபிஎன் மென்பொருள்கள் இணைப்பில் இருக்கும்போது மட்டும் வரிகளைச் சேர்த்து, துண்டித்ததும் எடுத்துவிடும். பாதியில் கணினி நின்றுபோனால் அந்த வரிகள் அப்படியே தங்கிவிடும்.

கோப்பை மாற்றுவது விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளாகவும் இருக்கலாம். 2020 ஜூலை இறுதியிலிருந்து, மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் அனுப்பும் சர்வர்களைத் தடுத்து ஹோஸ்ட்ஸ் கோப்பில் வரிகள் எழுதியிருந்தால், விண்டோஸ் டிஃபெண்டர் அதைக் கடும் ஆபத்து என்று எச்சரித்து, நீக்கச் சம்மதித்தால் கோப்பையே பழைய நிலைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. தாங்களே விரும்பி எழுதிய வரிகள் காணாமல் போனதைக் கண்டு அப்போது பலர் குழம்பினார்கள். எனவே வரி கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் டிஃபெண்டரின் பாதுகாப்பு வரலாற்றுப் பகுதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எந்த நாளில் எதை நீக்கியது என்று அங்கே இருக்கும்.

திருட்டு மென்பொருள்: நம் வீடுகளில் நடக்கும் கதை

இனி, பலரும் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். ஃபார்மட் செய்து, அலுவலக மென்பொருள், படம் திருத்தும் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுக்கும் கடைகளை நமக்குத் தெரியும். உரிமம் வாங்க நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகும் மென்பொருள் எப்படி மலிவாக வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. உரிமத்தைச் சரிபார்க்க மென்பொருள் தன் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்ளும். அதைத் தடுத்துவிட்டால் சரிபார்ப்பு நடக்காது. தடுப்பதற்கு மிக எளிய இடம் இதே ஹோஸ்ட்ஸ் கோப்பு. ஆகவே திருட்டு உரிமக் கருவிகளில் பல அங்கே சில வரிகளை எழுதுகின்றன.

அதோடு நின்றால் அது சட்டப் பிரச்சினை மட்டும்தான். ஆனால் அந்தக் கருவியை ஓட்டும்போது பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிட்டு, நிர்வாகி அனுமதியும் கொடுக்கிறார்கள். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, சமையலறைக்கு மட்டும் போய்விட்டு வா என்று சொல்வதுபோல்தான். அக்காவின் கணினியில் இருந்த 47 வரிகளில் ஒன்பது, படம் திருத்தும் மென்பொருளின் உரிமச் சர்வர்களைத் தடுத்தவை. மீதி 38 வரிகள் பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களைத் தடுத்தவை. உரிமத்தை ஏமாற்றுவதற்கு அந்த 38 வரிகள் எதற்கு?

பாதுகாப்புத் தளங்களைத் தடுப்பது பழைய தந்திரம். 2004 ஜனவரி இறுதியில் மின்னஞ்சல் வழியாகப் பரவிய மைடூம் புழுவின் இரண்டாம் வகை, நச்சுநிரல் தடுப்பு நிறுவனங்களின் தளங்களையும் மைக்ரோசாஃப்டின் சில தளங்களையும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி முடக்கியது. மருந்துக் கடைக்குப் போகும் வழியை முதலில் அடைத்துவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2003 அக்டோபரில் கண்டறியப்பட்ட கியூஹோஸ்ட்ஸ் என்ற தீநிரல், தேடுபொறிகளைத் தேடிப் போனவர்களை வேறு சர்வருக்குத் திருப்பிவிட்டது. மேலே சொன்ன இரண்டு வகைகளுக்கும் இவை இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஒளித்துவைக்கும் வித்தைகள்

கோப்பைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இன்னும் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெற்று வரிகள். நூற்றுக்கணக்கான வெற்று வரிகளை விட்டு அதற்குக் கீழே எழுதியிருப்பார்கள். மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும். பக்கவாட்டு நகர்த்திப் பட்டை வழக்கத்தைவிடச் சிறிதாக இருந்தால் கடைசி வரை இறங்கிப் பாருங்கள். வலது பக்கமும் நகர்த்திப் பாருங்கள்.

இரண்டாவது, போலிக் கோப்பு. 2011இல் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு கணினியில் இதைக் கண்டு விவரித்தார்கள். உண்மையான ஹோஸ்ட்ஸ் கோப்பை மறைந்த கோப்பாக மாற்றிவிட்டு, அதே இடத்தில் அதே பெயரில் ஒரு சுத்தமான கோப்பை வைத்திருந்தார்கள். ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாதே? முடியும், போலிப் பெயரில் இருந்த 'ஓ' எழுத்து ஆங்கிலத்தைச் சேர்ந்ததல்ல, ரஷ்ய மொழி எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கோப்புறையின் காட்சி அமைப்பில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டச் சொன்னால் இது வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, இடமாற்றம். ஹோஸ்ட்ஸ் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை விண்டோஸ், ரெஜிஸ்ட்ரியில் டேட்டாபேஸ்பாத் என்ற பெயரில் குறித்துவைத்திருக்கிறது. அந்தக் குறிப்பை மாற்றிவிட்டால், நீங்கள் பார்க்கும் கோப்பு ஒன்று, கணினி படிக்கும் கோப்பு வேறொன்று. ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

நான்காவது, ஹோஸ்ட்ஸ் கோப்பே அல்லாத வேறு அமைப்புகள். அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

அழித்தும் திரும்ப வந்தால்

அக்காவின் கணினியில் நான் செய்த முதல் தவறு, கண்ட வரிகளை உடனே அழித்தது. மகிழ்ச்சியோடு மறுதொடக்கம் செய்தேன். தளங்கள் திறந்தன. மறுநாள் காலை பார்த்தால் 47 வரிகளும் திரும்ப வந்திருந்தன. கோப்பு மாறியது அறிகுறிதான். அதை எழுதும் நிரல் கணினிக்குள் உயிரோடு இருக்கும் வரை நாம் அழிப்பதும் அது எழுதுவதுமாகப் போய்க்கொண்டிருக்கும். கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைக்கச் சொல்லும் ஆலோசனையை அடிக்கடி கேட்கலாம். நிர்வாகி அனுமதி உள்ள நிரலுக்கு அந்தப் பூட்டைத் திறப்பது ஒரு நொடி வேலை.

ஆகவே முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு கோப்பின் மேல் வலது சொடுக்கி, இயல்புகள் பகுதியில் கடைசியாக மாற்றிய நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல வேளைகளில் குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது இந்த நேரம்தான். விண்டோஸ் அமைப்புகளில் நிறுவிய செயலிகளின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினால், அதே நாளில் என்ன வந்தது என்று தெரியும். உலாவியின் பதிவிறக்க வரலாற்றையும் பாருங்கள். வீட்டில் யாரையும் அதட்டாமல் கேளுங்கள். விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கிய பிள்ளை அடி விழும் என்று பயந்தால் உண்மையைச் சொல்லாது.

நேரம் ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருந்தால், கணினி தொடங்கும்போதோ குறிப்பிட்ட நேரத்திலோ ஏதோ ஒன்று ஓடுகிறது. டாஸ்க் ஷெடியூலர் என்ற பகுதியைத் திறந்து, பெயர் விளங்காத வேலைகள் இருக்கின்றனவா, அவை எந்தக் கோப்பை ஓட்டுகின்றன என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி, தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் அதே நிறுவனத்தின் பிராசஸ் மானிட்டர் உதவும். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று நொடிக்கு நொடி பதிவுசெய்யும் கருவி இது. வடிகட்டியில் ஹோஸ்ட்ஸ் கோப்பின் பாதையை மட்டும் கொடுத்து ஓடவிடுங்கள். கோப்பைப் படிப்பவை பல இருக்கும். எழுதும் வரியைத் தேடுங்கள். கணினி தொடங்கும்போதே மாற்றம் நடந்துவிடுகிறது என்றால், அடுத்த தொடக்கத்திலிருந்து பதிவுசெய்யும் வசதியும் இதில் உண்டு. அக்காவின் கணினியில் இப்படித்தான் பிடிபட்டது: உரிமக் கருவி விட்டுச்சென்ற ஒரு நிரல், ஷெடியூலரில் 'அப்டேட்' என்ற அப்பாவிப் பெயரில் உட்கார்ந்திருந்தது.

மாதம் ஒரு முறை மட்டுமே நடக்கும் மாற்றத்துக்கு இந்தக் கருவியை நாள் கணக்கில் ஓடவிட முடியாது. விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள், உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையில் கோப்புத் தணிக்கையை இயக்கி, ஹோஸ்ட்ஸ் கோப்பின் பாதுகாப்பு அமைப்பில் எழுதும் செயலைத் தணிக்கைக்கு உட்படுத்தலாம். யாராவது எழுதினால் ஈவண்ட் வியூவரில் 4663 என்ற எண்ணோடு பதிவாகும். எழுதிய நிரலின் பெயரும் அதிலேயே இருக்கும்.

சீர்செய்யும் வரிசை

நிரலைக் கண்டுபிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், கோப்பைத் திருத்துவதற்கு முன் முழுச் சோதனை நடத்துங்கள். விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனை என்று ஒன்று இருக்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக இயங்காத நிலையிலேயே தேடும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். தீநிரல் விழித்துக்கொள்வதற்குள் தேடுவதால், சாதாரணச் சோதனையில் அகப்படாதவை இதில் அகப்படலாம்.

அதன் பிறகு நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து, தேவையில்லாத வரிகளை நீக்கிச் சேமியுங்கள். சேமிக்கும்போது பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் கணினி அதைப் படிக்காது. மறுதொடக்கம் செய்தால் நினைவில் இருந்த பழைய பதில்களும் போய்விடும். இரண்டு மூன்று நாள்களுக்குக் கோப்பை மீண்டும் மீண்டும் திறந்து பாருங்கள். வரிகள் திரும்ப வந்தால், முக்கியக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஃபார்மட் செய்யச் சொன்ன கடைக்காரரின் யோசனை முற்றிலும் தவறல்ல. அதே கடையில் அதே மென்பொருளைத் திரும்பப் போட்டுக்கொள்வதுதான் தவறு.

கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். ஆனால் அந்தக் கணினியிலிருந்து அல்ல. சுத்தமானது என்று உறுதியாகத் தெரிந்த கைப்பேசியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ, கைப்பேசியின் சொந்த இணையத்தில். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி.

வங்கித் தளத்துக்குப் போகும்போது, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி எச்சரித்தால் அதைத் தாண்டிப் போகவே கூடாது. ஹோஸ்ட்ஸ் கோப்பு உங்களைப் போலிச் சர்வருக்குத் திருப்பினாலும், வங்கியின் பெயருக்கான உண்மையான பாதுகாப்புச் சான்றிதழ் அந்தச் சர்வரிடம் இருக்காது. உலாவி அதைக் கண்டுபிடித்துத்தான் கத்துகிறது. ஆனால் தீநிரல் தன் சொந்தச் சான்றிதழைக் கணினியில் நம்பகமானதாகச் சேர்த்திருந்தால் எச்சரிக்கையே வராது. பூட்டுச் சின்னம் தெரிகிறது, ஆகவே பயமில்லை என்று ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கணினியில் சொல்ல முடியாது.

கோப்பு சுத்தம், ஆனாலும் தளம் மாறுகிறது

இப்போது அந்த நான்காவது இடம். விண்டோஸின் இணைய அமைப்புகளில் பிராக்ஸி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதுவும் வைக்காமலே அங்கே முகவரியோ, அமைப்பு ஸ்கிரிப்டோ இருந்தால் உங்கள் உலாவல் முழுவதும் வேறொருவர் வழியாகப் போகிறது. அடுத்து, டிஎன்எஸ் சர்வர் எண். பெரும்பாலான வீடுகளில் அது தானாகப் பெறும்படி இருக்கும். 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேருடையது. இவை போலல்லாத, யாருக்கும் தெரியாத எண் கையால் எழுதியிருந்தால் விசாரியுங்கள்.

இதன் அளவு எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு டிஎன்எஸ்சேஞ்சர் வழக்கு சான்று. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, எஸ்டோனியாவைச் சேர்ந்த ஆறு பேர் கைதானதை அறிவித்தது. 100க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றி, விளம்பரங்களைத் திருப்பிவிட்டு, குறைந்தது 1.4 கோடி அமெரிக்க டாலர் சம்பாதித்ததாகக் குற்றச்சாட்டு. அவர்களுடைய சர்வர்களை உடனே அணைத்திருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் இணையமே நின்றுபோயிருக்கும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றுச் சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓடவிட்டார்கள். தங்கள் கணினி மாறியிருப்பதே தெரியாத ஏராளமானோர் அந்தத் தேதி வரை வழக்கம்போல் உலாவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தீநிரல் வீட்டு ரௌட்டர்களையும் விட்டுவைக்கவில்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத ரௌட்டர்களுக்குள் நுழைந்து, அங்கேயே டிஎன்எஸ் எண்ணை மாற்றியது. அப்போது வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் பாதிக்கப்படும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் அட்டை இணையத்தில் அதே தளத்தைத் திறந்து பார்ப்பது எளிய சோதனை. சிம் வழியில் சரியாகவும் வைஃபை வழியில் தவறாகவும் இருந்தால் ரௌட்டரைப் பாருங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில தளங்கள் திறக்காமல் இருப்பது இணையச் சேவை நிறுவனத்தின் தடையாலும் இருக்கலாம். மலேசியாவில் ஆணைப்படி தடைசெய்த தளங்களை நிறுவனங்கள் தங்கள் டிஎன்எஸ் சர்வரிலேயே தடுக்கின்றன. 2024 செப்டம்பரில், வெளி டிஎன்எஸ் சர்வர்களைக் கேட்பதையும் உள்ளூர்ச் சர்வர்களுக்கே திருப்பும் திட்டம் வந்து, பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று அறிவித்தார். ஆகவே ஒரு தளம் திறக்கவில்லை என்றவுடன் கணினியைக் குறை சொல்லிவிட முடியாது.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. ரிசால்வ் கான்ஃப் என்ற கோப்பில் டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் மறுதொடக்கத்தில் பழையபடி ஆகிவிடுகிறது என்பது நீண்ட காலக் குறை. அங்கே ஊடுருவல் எதுவும் இல்லை. நெட்வொர்க் மேனேஜரோ சிஸ்டம்டி ரிசால்வ்டோ அந்தக் கோப்பைத் தானே எழுதிக்கொள்கிறது. பெரும்பாலும் கோப்பின் தலைப்பிலேயே அப்படி எழுதியும் இருக்கும். மாற்றத்தைக் கோப்பில் செய்யாமல் அந்த நிரலின் அமைப்பில் செய்தால் நிலைக்கும்.

பணம் போயிருந்தால்

வங்கி விவரத்தைப் போலித் தளத்தில் கொடுத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், கணினியைச் சுத்தம் செய்வதை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வங்கியை அழையுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணையே பயன்படுத்துங்கள். அந்தக் கணினியில் தேடி எடுத்த எண் வேண்டாம். மலேசியாவில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997. கணினி ஊடுருவல் குறித்து சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடமும் புகார் செய்யலாம். சிங்கப்பூரில் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. நீங்கள் எடுத்துவைத்த ஹோஸ்ட்ஸ் கோப்பின் பிரதி இங்கே கைகொடுக்கும். எந்தச் சர்வருக்குத் திருப்பினார்கள் என்ற எண் அதில்தான் இருக்கிறது. அழித்துவிட்டால் அதுவும் போயிற்று.

அக்காவின் கோப்பில் வங்கியின் பெயர் எதுவும் இல்லை. கணக்கிலும் பணம் குறையவில்லை. ஆனாலும் ஐந்து மாதங்களாகப் பாதுகாப்பு மென்பொருள் புதுப்பிக்கப்படாத கணினியில் அவர் வாரம் தவறாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தேன். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ், படம் திருத்த கிம்ப், இரண்டும் இலவசம். லிப்ரே ஆஃபிஸ் அவருக்குப் பழகிவிட்டது. கிம்ப்பில் மெனு அட்டைக்கு எழுத்துரு மாற்றுவது எப்படி என்று கேட்டு இன்னமும் வாரம் ஒருமுறை அழைக்கிறார்.